கடல் கடந்த திருவடி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாமகிரி எனப்படும் நாமக்கல் மலையின் மேற்புறக் குடைவரையில் ஸ்ரீ நரசிம்மப் பெருமான் வீற்றிருந்து சேவை சாதிக்கிறார். அவரைச் சூழ்ந்த பாறைச் சுவர்களில் வைகுண்ட நாராயணன், வராஹமூர்த்தி, இரணியனை மடியில் கிடத்திப் பிளக்கும் நரஹரி, ஓரடியை விண்ணோக்கி உயர்த்தி நிற்கும் திரிவிக்கிரமன் ஆகிய திருமேனிகள் புடைப்பாக வடிக்கப்பெற்றுள்ளன. மலையின் கீழ்ப்புறக் குடைவரையில் ஸ்ரீ ரங்கநாதன் அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். அதியர் மரபில் வந்த குணசீலன் என்னும் அரசன் கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் குடைவித்த திருப்பணி இது என்றும், 'அதியேந்திர விஷ்ணுக்ருஹம்' என்பது இதன் பழம்பெயர் என்றும் அங்குள்ள கல்வெட்டினால் அறிகிறோம்.

மூன்றடியால் உலகனைத்தும் அளந்தவனுக்கு அந்நிய நாடு என்று ஒன்று உண்டோ? இராது என்பது ஒருதலை. அன்றியும், 'திருவடி' என்னும் சொல்லுக்கு வைணவப் பரிபாஷையில் வேறிரு பொருள்களும் உண்டு. பெரிய திருவடி என்றால் கருடாழ்வார்; சிறிய திருவடி என்றால் ஆஞ்சநேயர். உலகளந்த திருவடி, பெரிய திருவடி, சிறிய திருவடி ஆகிய மூன்றும் கடல் கடந்து சென்று தடம் பதித்த நாடுகள் நமக்கு மிக அண்மையிலேயே உள்ளன. தாய்லாந்து, கம்போடியா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்பன அவை.

இக்காலத்தில் சேலம், நாமக்கல் வட்டாரத்து அன்பர்கள் லாரித் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் வேளாண்மையிலும் உழைத்துச் சேர்த்த பொருளைக்கொண்டு குடும்பத்தோடு இந்நாடுகளுக்குச் சென்று வருகின்றனர். கடற்கரையையும் கடைத்தெருவையும் மட்டும் கண்டு திரும்புவோரே அவர்களுள் மிகுதி. அவ்வூர்களில் எதைத் தேடிச் சேவிக்க வேண்டும், சேவித்து எதைக் கற்க வேண்டும் என்பதை இப்பெருவிழாவிற்கு வந்துள்ள அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் தாண்டலாமோ?

ஆஸ்திகர் உள்ளத்தில் முதலில் எழும் வினா இதுவே. பௌதாயன தர்மசூத்திரம் கடற்செலவை விலக்கத்தக்க செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆயினும் விலக்கு இருந்த காலத்திலேயே வேதம் ஓதியவர்களும் கடல் கடந்திருக்கின்றனர். இந்தோனேசியாவைச் சேர்ந்த போர்னியோத் தீவின் கூத்தாய்ப் பகுதியில், ஏறக்குறைய கி.பி. 400-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்யூபங்கள் ஏழு கிடைத்துள்ளன. மூலவர்மன் என்ற அரசன் செய்த வேள்வியையும், அங்கு வந்த அந்தணர்களுக்கு அவன் 20,000 பசுக்களைத் தானமாக அளித்ததையும் அவை ஸமஸ்கிருத சுலோகங்களில் கூறுகின்றன. அவற்றின் எழுத்தோ பல்லவர் கிரந்தத்திற்கு நெருங்கிய உறவுடையது.

நாமக்கல் அன்பர்களுக்கு இவ்வினாவிற்கு இன்னும் அண்மையிலேயே ஒரு விடை உண்டு. கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் தாயார் நாமகிரித் தாயாரிடம் எல்லையற்ற பக்தி பூண்டவர். மகன் கடல் கடந்து சீமைக்குச் செல்வதற்கு அவர் முதலில் இசையவில்லை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி, மகனின் வாழ்க்கை நோக்கத்திற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று பணித்த பின்னரே அவர் விடை கொடுத்தார் என்று ராமாநுஜனின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் ராமாநுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார். தாயாரே வழிவிட்ட பின்னர் மற்றவர் தடை சொல்வதற்கு இடமேது? எங்கே போகிறோம் என்பதைக் காட்டிலும், என்ன நினைவோடு போகிறோம் என்பதே முக்கியம்.

வணிகர் ஏற்றிய விளக்கு

எம்பெருமான் திருமேனிகள் இந்நாடுகளுக்குப் படையெடுப்பினால் சென்றவை அல்ல. பெரும்பாலும் வணிகரும் அந்தணரும் சிற்பிகளும் கொண்டு சென்றவை. இதற்குக் கல்லில் எழுதிய சான்றுகள் இரண்டைக் கூறலாம்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில், 'பிர நாராய்' எனப்படும் குன்றின் அருகே, கி.பி. 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 'நாராய்' என்பது நாராயணனுக்குத் தாய்லாந்து மக்கள் வழங்கும் பெயர். அங்கே வெட்டப்பட்ட ஒரு குளத்திற்கு 'அவனிநாரணம்' என்று பெயரிட்டு, அதனை மணிக்கிராமம் என்னும் தமிழ் வணிகக் குழுவினரின் காவலில் வைத்த செய்தியை அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர். அயல்நாட்டில் முதலில் ஒரு குளம் வெட்டி, அதற்கு நாராயண நாமத்தைச் சூட்டிய முன்னோர்களின் உள்ளம் எத்தகையது!

மற்றொன்று மியான்மர் நாட்டுப் பாகன் நகரைச் சேர்ந்தது. கி.பி. 13-ஆம் நூற்றாண்டில், மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஸ்ரீ குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த 'நானாதேசி விண்ணகர்' என்னும் விஷ்ணு ஆலயத்தில் ஒரு மண்டபம் எழுப்பி, கதவு இட்டு, நின்றெரிய விளக்கும் வைத்ததை அங்குள்ள கல்வெட்டு தமிழ் உரைநடையில் கூறுகிறது. அதன் தொடக்கத்தில் குலசேகரர் அருளிய முகுந்தமாலையின் சுலோகம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. நானாதேசி என்பது பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்தோரின் குழு. அவர்கள் ஏற்றிய விளக்கு எப்போது அணைந்தது என்பதை எந்தக் கல்லும் கூறவில்லை. விண்ணகரின் பெயர் நிற்கிறது, விளக்கு இல்லை. மியான்மரில் 2021 முதல் உள்நாட்டுப் போர் நிகழ்ந்து வருவதால் யாத்திரிகர் அந்நாட்டை இப்போதைக்குத் தவிர்ப்பதே நலம்.

பாங்காக்: ஒலி நின்ற ஊர்

சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேர விமானப் பயணத்தில் பாங்காக்கை அடையலாம். 2006-இல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்தின் பெயரே சுவர்ணபூமி. அங்கே தேவரும் அசுரரும் வாசுகியைப் பற்றிப் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம் ஒன்று பயணிகளை வரவேற்கிறது. அரசாங்க முத்திரையில் பெரிய திருவடியாகிய கருடன் விளங்குகிறான். ஆளும் வம்சத்து மன்னர்கள் ராமன் என்னும் பெயரால் எண்ணப்பெறுகின்றனர். 2016 முதல் அரியணையில் இருப்பவர் பத்தாம் ராமர். 1350-இல் நிறுவப்பட்டு 1767-இல் பர்மியப் படையால் அழிக்கப்பட்ட பழைய தலைநகரம் அயுத்தயா. அயோத்தி என்னும் பெயரின் திரிபே அது. பாங்காக்கிலிருந்து வடக்கே ஒரு பகற்பொழுதில் சென்று அதனைக் கண்டு மீளலாம்.

அரண்மனையை ஒட்டிய மரகத புத்தர் ஆலயத்தின் திருச்சுற்றில் 178 பகுதிகளாக இராமகாதை தீட்டப்பட்டுள்ளது. 'ராமகியென்' என்பது அந்நாட்டு இராமாயணத்தின் பெயர். அதில் சிறிய திருவடி, மீன் உருக் கொண்ட மங்கை ஒருத்தியை மணந்தவராகக் கூறப்படுகிறார். நைஷ்டிக பிரம்மசாரியாக ஆஞ்சநேயரை வழிபடும் நம்மவர்க்கு இது வியப்பளிக்கும். அந்நாட்டார் தம் வழக்கப்படி பாடிக்கொண்ட கதை அது என்று அறிந்து, குறை கூறாது கடந்து செல்வதே பண்பு.

ஆயினும் வைணவர் பாங்காக்கில் தவறாது காணவேண்டிய இடம் 'தேவஸ்தான்' எனப்படும் சிறிய ஆலயம். 1784-இல் முதலாம் ராமர் காலத்தில் எழுந்தது. சிவபிரானுக்கும் விநாயகருக்கும் விஷ்ணுவுக்கும் தனித்தனிச் சந்நிதிகள் உள்ளன. தென்னாட்டிலிருந்து வந்தோரின் வழியினர் என்று கூறிக்கொள்ளும் அந்தணர்கள் அங்கு வழிவழியாகப் பணிபுரிகின்றனர். 2019-இல் நடைபெற்ற மன்னரின் முடிசூட்டு விழாவிலும் அவர்களே வைதிகச் சடங்குகளை நிகழ்த்தினர்.

அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் இருபெரும் விழாக்களின் பெயர்கள் 'திரியம்பாவாய்', 'திரிபாவாய்' என்பன. திருவெம்பாவையும் திருப்பாவையுமே இவ்வாறு திரிந்தன என்பது அறிஞர் முடிபு. முன்னது சிவபிரானுக்கும் பின்னது விஷ்ணுவுக்கும் உரியது. கிரந்த எழுத்தினின்று பிறந்த எழுத்தில் எழுதி வைத்த சுவடிகளிலிருந்து அவர்கள் ஓதும் துதிகளுள் தமிழ்ப் பாடல்களும் உள்ளன என்று ஆராய்ந்தோர் கண்டனர். ஓதும் அவர்களுக்கோ அது தமிழ் என்பதும் தெரியாது, பொருளும் தெரியாது. ஆலயத்தின் எதிரே நிற்கும் மிகப்பெரிய செந்நிற ஊசற்கம்பத்தில் ஆடிய ஊஞ்சல் விழாவும் 1935-இல் நின்றுபோயிற்று. விழாவின் பெயர் நிற்கிறது. ஓதும் ஒலி நிற்கிறது. தந்தை ஓதக் கேட்டு மகன் ஓதிய குருபரம்பரை பல நூற்றாண்டுகள் அறுபடாமல் வந்தமையால்தான் இவ்வளவேனும் நின்றது. எழுத்தறியாதவரையும் வாழ்விப்பது அத்யயனம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பொருளுரைத்த ஆசாரியன் இல்லாதுபோனால் ஒலி மட்டுமே மிஞ்சும் என்பதற்கும் இதுவே சான்று.

அங்கோர்: கல் நின்ற ஊர்

அங்கிருந்து கம்போடிய நாட்டின் சியாம்ரீப் நகரை அடைதல் வேண்டும். 2025-இல் அவ்விரு நாடுகளுக்குமிடையே எல்லைப் போர் மூண்டமையால் தரைவழியை நம்பலாகாது. விமானத்திற் செல்வதே தக்கது.

அங்கோர்வாட் இரண்டாம் சூரியவர்மன் கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்ரீ விஷ்ணுவுக்கு எழுப்பிய ஆலயம். மறைவுக்குப் பின் அம்மன்னனுக்கு வழங்கிய பெயர் பரமவிஷ்ணுலோகன். நாற்புறமும் சுமார் 190 மீட்டர் அகலமுள்ள அகழி சூழ, நடுக்கோபுரம் 65 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மேற்கு நோக்கிய ஆலயம் அது. சுற்றுச் சுவரின் சிற்பத் தொடரை முறையாகக் காண வேண்டுமானால் இடமாகச் சுற்றிவர வேண்டும். கோயிலை வலம்வந்தே பழகிய நம்மவர் இதனைக் கருத்திற் கொள்க. நீத்தார் கடனுக்குரிய சுற்று முறை இது ஆகலின், மன்னனின் நினைவாலயமாகவும் இதனைக் கருதியிருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர்.

கீழ்ச்சுவரில் 49 மீட்டர் நீளத்திற்குப் பாற்கடல் கடையும் காட்சி உள்ளது. ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவே கூர்மத்தின்மேல் மந்தரம், அதன் முன் எம்பெருமான். சிற்பத்தின் நுட்பம் சொல்லில் அடங்காது. சியாம்ரீப்பிற்கு வடக்கே கி.பி. 967-இல் பிரதிஷ்டையான பந்தே ஸ்ரெய் என்னும் சிவாலயத்தில் இரணியன் மார்பைப் பிளக்கும் நரசிம்மனைக் காணலாம். நாமகிரிக் குடைவரையில் சேவித்த கண்கள் அவனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கபால் ஸ்பியான் என்னும் மலையாற்றின் படுகைப் பாறையில், அரவணைமேல் பள்ளிகொண்ட பெருமான் செதுக்கப்பட்டிருக்கிறான். மழைக்காலத்தில் ஆறு அவன்மேல் புரண்டோடுகிறது. மனிதர் மறந்த திருமஞ்சனத்தை ஆறு இன்னும் செய்துவருகிறது. மேற்கு மெபோன் என்னும் ஏரித்தீவில் 1936-இல் கிடைத்த பள்ளிகொண்ட பெருமானின் வெண்கலத் திருமேனியோ, முகமும் தோளும் கைகளுமாகச் சிதைந்து, காட்சிப்பொருளாய் விளங்குகிறது.

இங்கே சிறிது நின்று சிந்திக்க வேண்டும். பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என எம்பெருமானின் நிலைகள் ஐந்து. அவற்றுள் அர்ச்சையிலேயே அவன் மிகவும் எளியவன். அண்டங்களை உண்டு உமிழ்ந்தவன், அர்ச்சகன் நீராட்டினால் நீராடி, அமுது செய்வித்தால் அமுது செய்து, கதவு திறந்தால் சேவை தந்து, அடியாருக்கு வசப்பட்டு நிற்கிறான். அவ்வாறு நின்றவன், அடியாரே இல்லாதொழிந்தால் என் செய்வான்? உலகிலேயே மிகப் பெரிய கோயில்களுள் ஒன்றைக் கட்டிய பேரரசன் கல்லுக்குக் குறை வைக்கவில்லை. கல் இன்றும் நிற்கிறது. கோயிலாழ்வார்க்குத் திருவிளக்கிட ஒரு பரம்பரை நிற்கவில்லை.

ஆயினும் அவ்விடம் பாழாகவில்லை. பின்னாளில் பௌத்த பிக்குகள் அதனைத் தம் பள்ளியாகக் கொண்டு பேணினர். மேலைக் கோபுர வாயிலில் எட்டுத் திருக்கைகளோடு நிற்கும் விஷ்ணு திருமேனியை, 'தா ரீச்' என்னும் காவல் தெய்வமாக அவ்வூர் மக்கள் இன்றும் பூவும் ஊதுவத்தியும் வைத்து வணங்குகின்றனர். பெயர் மாறினும் வணக்கம் மாறவில்லை. 1986 முதல் 1993 வரை நம் நாட்டுத் தொல்பொருள் துறையினர் அங்குச் சென்று சீரமைப்புப் பணி செய்தமையும் ஈண்டு நினைத்தற்குரியது.

சிங்கப்பூரும் பாலியும்: கைங்கர்யம் நின்ற ஊர்கள்

சிங்கப்பூர் செராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாஸப் பெருமாள் கோயில் உள்ளது. 1855-இல் தோன்றிய இக்கோயிலுக்கு முதலில் வழங்கிய பெயர் நரசிங்கப் பெருமாள் கோயில். நாமக்கல் அன்பர்க்கு இது தேனினும் இனிய செய்தி அன்றோ! கூலிக்கும் வணிகத்திற்கும் சென்ற எளிய மக்கள் எழுப்பிய கோயில் இது. 1978-இல் அந்நாட்டு அரசால் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கோரின் கோபுரத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆயினும் இங்கே விடியலில் கதவு திறக்கிறது, திருவாராதனம் நடக்கிறது, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்தர்கள் திரள்கின்றனர்.

பாலித் தீவில் பெரும்பான்மையோர் இன்றும் இந்துக்களே. அங்கே விஷ்ணு நீருக்கு அதிதேவதை; வடதிசைக்கும் கருநிறத்திற்கும் உரியவன். புனித நீரை அவர்களும் 'தீர்த்தம்' என்றே வழங்குகின்றனர். வயல்களுக்கு நீர் பாய்ச்சும் முறையை 'சுபாக்' என்னும் உழவர் குழுக்கள் நீர்க்கோயில்களில் கூடி வகுக்கின்றன. எந்த ஊர்க்கு எப்போது நீர், எப்போது நாற்று என்பதெல்லாம் தெய்வ சந்நிதியில் முடிவாகின்றன. 2012-இல் இது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. காவிரியின் ராஜவாய்க்காலை நம்பிப் பயிரிடும் பரமத்திவேலூர் வட்டாரத்து உழவர் இதனை ஊன்றிக் காணவேண்டும். வழிபாடு அன்றாட வாழ்க்கையோடு பின்னியிருக்கும் வரையில் அதற்கு அழிவில்லை.

பாலியருக்குச் சக ஆண்டுப் பிறப்பு மௌன நாள். 'நியெபி' எனப்படும் அந்நாளில் விளக்கு எரியாது. தெருவில் நடமாட்டம் இராது. விமான நிலையமும் மூடப்படும். பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில் வருவதால் அதனை அறிந்து பயணநாளை அமைத்துக்கொள்க.

பிரம்பானன்: மீண்டும் எழுந்த மந்திரம்

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகருக்கு அருகே உள்ளது பிரம்பானன். கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவே 47 மீட்டர் உயரமுள்ள சிவன் கோயில், தெற்கே பிரமன் கோயில், வடக்கே விஷ்ணு கோயில். முதலிரண்டு கோயில்களில் இராமாயணமும் விஷ்ணு கோயிலில் கண்ணன் கதையும் சிற்பத் தொடராக உள்ளன. காலத்தாலும் நிலநடுக்கத்தாலும் குலைந்து, கற்குவியலாய்க் கிடந்து, கடந்த நூற்றாண்டில் கல்மேல் கல்லடுக்கி மீட்கப்பட்டது. 2006-இல் மீண்டும் நிலநடுக்கத்தால் சேதமுற்றுச் சீர்செய்யப்பட்டது.

பெருஞ்செய்தி இனிமேல்தான். அவ்வாலயம் பற்றிய கி.பி. 856-ஆம் ஆண்டுக் கல்வெட்டை நினைவுகூர்ந்து, 2019 நவம்பரில் அந்நாட்டு இந்துக்கள் அங்கே அபிஷேக விழா நடத்தினர். 2022-இல் அதனை வழிபாட்டிற்குரிய தலமாகவும் பயன்படுத்த அரசு இசைவளித்தது. பதினோரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மந்திரம் மீண்டும் எழக்கூடும் என்பதற்கு இது சாட்சி. நின்றுபோன கைங்கர்யத்தை மீண்டும் தொடங்கக் காலம் கடந்துவிட்டது என்று எவரும் சொல்லலாகாது.

யாத்திரிகர் கவனத்திற்கு

அந்நாட்டுக் கோயில்களுள் பல இப்போது தொல்பொருள் சின்னங்கள். அங்கே கற்பூரம் ஏற்றுதலும், சிற்பத்தின்மேல் குங்குமம் அப்புதலும், எண்ணெய் பூசுதலும் கூடா. மனத்தால் மாநஸ பூஜை செய்யலாம். திருநாமத்தை மெல்லச் சொல்லலாம். பௌத்த ஆலயங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்திச் செல்க. புத்தர் திருவுருவத்தின்முன் காலை நீட்டி அமரற்க. பாலியில் கோயிலுக்குள் செல்ல இடையில் சுற்றாடையும் கச்சும் அணிதல் வேண்டும். எந்நாட்டார் வழிபாட்டையும் இகழாமை பாகவத லக்ஷணம்.

ஊர் திரும்பிய பின்

அங்கோரில் கல் நின்றது; வழிபாடு மறைந்தது. பாங்காக்கில் ஒலி நின்றது, பொருள் மறைந்தது. சிங்கப்பூரிலும் பாலியிலும் கைங்கர்யம் நின்றமையால் மூன்றும் நின்றன. இதுவே கடல் கடந்து கற்றுவர வேண்டிய பாடம்.

இப்பாடம் அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதோ? சேலம், நாமக்கல் சமவெளியில் சிற்றூர்தோறும் பெருமாள் சந்நிதி உண்டு. எத்தனையோ சந்நிதிகளில் நாளொன்றுக்கு ஒரு காலப் பூஜையே நடைபெறுகிறது. பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியவர் ஒருவர் வந்து விளக்கேற்றிச் செல்கிறார். அவருக்குப் பின் யார் என்ற வினாவிற்கு விடை இல்லாத ஊர்கள் பல. அங்கோரும் ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. ஒரு தலைமுறை விளக்கை அடுத்த தலைமுறையிடம் கொடுக்கத் தவறியபோது அடங்கத் தொடங்கியது.

ஆதலின் பெருவிழாவிற்கு வந்த ஒவ்வொரு குடும்பமும் இரண்டு ஸங்கல்பங்களை மேற்கொள்ளலாம். சொந்த ஊர்ப் பெருமாள் சந்நிதியில் மாதத்திற்கு ஒரு நாளேனும் திருவிளக்கிற்கும் தளிகைக்கும் பொறுப்பேற்பது ஒன்று. மார்கழி முப்பது நாளும் நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பாவையைப் பிள்ளைகளுக்குப் பொருளோடு ஓதுவிப்பது மற்றொன்று. வெளிநாட்டுப் பயணத்திற்குச் செலவிடும் பொருளில் நூற்றில் ஒரு பங்கும், அப்பயணத்திற்குச் செலவிடும் நாள்களும் இதற்குப் போதும். ஓதுவித்த பிள்ளை நாளை எந்நாட்டில் குடியேறினாலும், அந்நாட்டிலும் ஒரு விண்ணகரம் எழும்.

நாமகிரித் தாயார் உடனாய ஸ்ரீ நரசிம்மப் பெருமான் திருவருளும், சிறிய திருவடியின் துணையும் யாத்திரை செல்வோர்க்கும் வீட்டிலிருந்து விளக்கேற்றுவோர்க்கும் ஒருசேரப் பெருகுக!

சுபம்.